ஓவர்கோட்டைக் கேட்காத இரவு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் 80 கிலோமீட்டர்தான்; ஆனால் பெரும்பாலும் ஏற்றம். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே 1921 முதல் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டம் நடக்கிறது. ஒரு வருஷம் கடற்கரையிலிருந்து மேலே ஓடுவார்கள், மறு வருஷம் மேலேயிருந்து கடற்கரைக்கு. "ஏறுற வருஷம்தான் கஷ்டம்னு எல்லாரும் நினைப்பாங்க தம்பி. இறங்கும்போதுதான் முட்டி போகும்" என்றார் காரை ஓட்டிய பெரியவர். வெள்ளையரல்லாதவர்களுக்கு அந்த ஓட்டம் அதிகாரபூர்வமாகத் திறந்துவிடப்பட்டது 1975இல்தான். அதற்குப் பிறகு ஓடியவர்களில் அவரும் ஒருவர். அவர் பேசியது ஆங்கிலம். ‘தம்பி’ மட்டும் தமிழ். நான் ‘ஐயா’ என்றேன். அதற்கு மேல் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.

சொல்லாமலிருப்பது எனக்குப் பழக்கம். சென்னையில் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறேன். வாயைத் திறக்கவே தேவையில்லாத வேலை என்பதால்தான் அதில் நிலைத்தேன். பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும், கிண்டியிலிருந்து தாம்பரம் போவதற்குள் அண்டார்க்டிகா போய்வந்துவிடுவேன், ஐ.நா. சபையில் பேசி, கைதட்டலும் வாங்கிவிடுவேன். ஆனால் கண்டக்டர் தரவேண்டிய மீதிச் சில்லறையைக் கேட்காமலே இறங்கிவிடுவேன். டர்பனில் நடந்த தமிழ் விழாவுக்குப் போயிருக்கவேண்டியவர் எங்கள் பதிப்பாளர். மாடிப்படியில் விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. அலுவலகத்தில் வேறு யாரிடமும் பாஸ்போர்ட் இல்லை. நான் மட்டும் ‘என்றைக்காவது போவோம்’ என்று எடுத்துவைத்திருந்தேன். புத்தகப் பெட்டிகளையும் அவர் பேசவேண்டிய உரையையும் கொடுத்து என்னை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

விழாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உரையைத் தாளைப் பார்த்து வாசித்தேன். கை நடுங்கியதில் மைக்கில் என் குரலைவிடத் தாளின் சத்தம்தான் தூக்கலாகக் கேட்டிருக்கும். கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது; ஆனாலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல்தான் இங்கே முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911க்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். இன்றைக்கு நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர், படையாச்சி என்று குடும்பப் பெயர்கள் இருக்கின்றன, காவடியும் தீமிதியும் இருக்கின்றன, பேச்சுத் தமிழ் மட்டும் அநேகமாகப் போய்விட்டது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பிசிறில்லாமல் பாடுகிறார்கள்.

விழா முடிந்ததும் விருந்தினர்களைக் கடற்கரைக்கும் காட்டு மிருகங்களைப் பார்க்கவும் அழைத்துப் போனார்கள். நான் மட்டும் மாரிட்ஸ்பர்க் வழியாகப் பிரிட்டோரியா வரை போகவேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். வாயால் கேட்க வரவில்லை.

அப்படிக் கேட்டதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். சத்திய சோதனையின் தமிழ்ப் பதிப்பு ஒன்றுக்கு நான் புரூஃப் பார்த்திருக்கிறேன். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். பள்ளி ஆண்டுவிழாக்களில் தள்ளுகிற போலீஸ்காரனாக நடிக்கப் பையன்களுக்குள் போட்டியே நடக்கும். ஆனால் தள்ளப்பட்டதற்கு அடுத்து அவர் எழுதியிருப்பது நாடகத்தில் வராது. குளிர்காலம். ஓவர்கோட் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி ரயில்வேக்காரர்கள் வசம். போய்க் கேட்டால் இன்னொரு தடவை அவமானப்படுத்துவார்களோ என்று பயந்து அவர் கேட்கவில்லை. விடியவிடிய நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்த என் பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. வீரம் பிறந்ததாக உலகமே சொல்கிற இரவில், சொந்தக் கோட்டைக் கேட்க அந்த மனிதருக்குத் துணிச்சல் இல்லை.

கூச்சத்தில் அவரை மிஞ்ச ஆள் தேடவேண்டும். பள்ளிக்கூட மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவாராம், யாராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்று. இருட்டு பயம், பாம்பு பயம், பேய் பயம், திருடன் பயம். விளக்கு எரியாவிட்டால் தூக்கம் வராது. அதே பையன் அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்துவிட்டு, கணக்கில்லாத தடவை தனக்குள்ளேயே அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்திருக்கிறான். வெளியே வாய் திறக்காத பிள்ளைகள் உள்ளே ராஜாவாக இருப்பார்கள் என்பது எங்கள் இனத்துக்குத் தெரிந்த சங்கதி.

லண்டனிலும் இதே கதைதான். சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். கூட்டத்துக்குக் கூட்டம் போவார், பேசமாட்டார். டாக்டர் அல்லின்சன் என்பவரைச் சங்கத்திலிருந்து விலக்கவேண்டுமா என்ற விவாதத்தில் அவருக்கு அழுத்தமான கருத்து இருந்தது. அதைத் தாளில் எழுதிக் கொண்டுபோனார், வேறொருவர் வாசித்தார். ஊர் திரும்புமுன் நண்பர்களுக்குக் கொடுத்த விருந்தில் நகைச்சுவையாகப் பேச நிறையத் தயாரித்துப் போயும் முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. பம்பாயில் வக்கீலாக எழுந்து நின்ற முதல் வழக்கில், எதிர்த்தரப்புச் சாட்சியிடம் கேட்க ஒரு கேள்விகூட வரவில்லை. தலை சுற்றியது. உட்கார்ந்தார், கட்சிக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், வெளியே வந்துவிட்டார். மாதம் 75 ரூபாய்ச் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டார். பட்டதாரி இல்லை என்று அதுவும் கிடைக்கவில்லை. இந்த நிலையில்தான் தென்னாப்பிரிக்காவில் கடை வைத்திருந்த தாதா அப்துல்லாவின் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது: பிரிட்டோரியாவில் நடந்த ஒரு வழக்குக்காக ஒரு வருஷ வேலை, போகவர முதல் வகுப்புக் கட்டணம், 105 பவுண்டு. வழக்காடும் வக்கீல்கள் அங்கே வேறு இருந்தார்கள். இவர் அவர்களுக்குக் கணக்கையும் கடிதங்களையும் விளக்கிச் சொல்லவேண்டியவர். சுருக்கமாக, என்னைப் போல ஒரு புரூஃப் வேலை. 1893 ஏப்ரலில் கப்பலேறினார். வயது 23.

மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம் சிவப்புச் செங்கல் கட்டடம். பிளாட்பாரத்தில் ஒரு பலகை: இந்த இடத்துக்கு அருகில் 1893 ஜூன் 7ஆம் தேதி இரவு காந்தி முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார், அவர் வாழ்வின் போக்கே மாறியது, அன்றுமுதல் அவரது அகிம்சைப் போர் தொடங்கியது என்ற பொருளில் எழுதியிருக்கிறது. காத்திருப்பு அறையைக் கண்காட்சியாக மாற்றியிருக்கிறார்கள். 125ஆம் ஆண்டு நிறைவுக்காக 2018இல் திறக்கப்பட்ட மார்பளவுச் சிலை ஒன்றும் இருக்கிறது, இருமுகச் சிலை. ஒரு பக்கம் கோட்டு போட்ட இளம் வக்கீல், மறுபக்கம் முதிய காந்தி. சிற்ப வேலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னால் இளைஞர், பின்னால் மகாத்மா, நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. என் மனத்தாங்கல் அங்கேதான் தொடங்கியது.

பெரியவர் தேநீர் வாங்கப் போயிருந்தார். பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். தென்கோளத்தில் ஜூன் என்றால் குளிர்காலம். ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிட்டது. நான் அங்கிருந்தவரை ஒரு ரயிலும் வரவில்லை. குளிர் முதலில் செருப்புக்குள்ளும் பிறகு சட்டைக் காலருக்குள்ளும் இறங்கியது. ஸ்வெட்டர் காரில் இருந்தது, கார் பூட்டியிருந்தது.

காந்தி நடுங்கிய அந்த இரவில் இதே நிலையத்தில், நடுநிசியில், இன்னொரு பயணி காத்திருப்பு அறைக்குள் வந்திருக்கிறார். பேச விரும்பினார்போல. காந்தி பேசவில்லை; பேசும் மனநிலையில் இல்லை. இருட்டில் மூன்று வழிகளை யோசித்திருக்கிறார். உரிமைக்காகப் போராடுவதா, ஊருக்கே திரும்புவதா, அவமானங்களைப் பொருட்படுத்தாமல் பிரிட்டோரியா போய் வழக்கை முடித்துக்கொண்டு திரும்புவதா? ஒத்துக்கொண்ட வேலையை விட்டு ஓடுவது கோழைத்தனம் என்று பட்டது. அடுத்த ரயிலில் போவதென முடிவு செய்தார். அவ்வளவுதான் அந்த இரவின் முடிவு. பேரரசை எதிர்க்கிற தீர்மானம் இல்லை. அடுத்த ரயிலைப் பிடிக்கிற தீர்மானம். காலையில் ரயில்வே பொது மேலாளருக்கு நீளமாக ஒரு தந்தி கொடுத்தார், தாதா அப்துல்லாவுக்கும் தகவல் அனுப்பினார். மேலாளர் தன் ஆட்கள் செய்தது சரி என்றாராம். ஆனாலும் பயணி பத்திரமாகப் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும்படி ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லிவிட்டார். உள்ளூர் இந்திய வியாபாரிகள் வந்து பார்த்தார்கள். இதெல்லாம் இங்கே சகஜம் என்று தங்கள் கதைகளைச் சொன்னார்கள். மாலை ரயிலில் இவருக்கு இடம் கிடைத்தது. டர்பனில் பிடிவாதத்தாலும் ஐந்து ஷில்லிங்கை மிச்சம் பிடிக்கவும் வாங்க மறுத்த படுக்கைச் சீட்டை மாரிட்ஸ்பர்க்கில் மறுக்காமல் வாங்கினார். இந்த விவரம் எனக்கு மிகப் பிடிக்கும். எந்தச் சிலையிலும் இதை வடிக்க முடியாது.

பலகையைக் குறை சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1938இல் அமெரிக்கக் கிறிஸ்தவத் தலைவர் ஜான் மாட், உங்கள் வாழ்வை உருவாக்கிய அனுபவம் எது என்று கேட்டபோது காந்தியே இந்த இரவைத்தான் சொன்னார். பலகையின் கடைசி வரியும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். 69 வயதில் திரும்பிப் பார்க்கிறவருக்கு ஓர் இரவு போதுமாக இருந்திருக்கலாம். ஆனால் 1920களில் அவரே நிதானமாக எழுதிய சுயசரிதையில் தைரியம் அத்தனை சீக்கிரம் வரவில்லை. ஊர் ஊராக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. அதை நம்பித்தான் நான் இந்தச் சாலையில் மேற்கொண்டு போனேன்.

மாரிட்ஸ்பர்க்கை விட்டுக் கிளம்புமுன் பெரியவர் பழைய சிறைப் பக்கம் காரைத் திருப்பினார். "நம்ம பொண்ணு இருந்த ஜெயில்" என்றார். தில்லையாடி வள்ளியம்மை. தாயின் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்திலிருக்கும் தில்லையாடி. அவள் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடியைக் கண்ணால் பார்த்ததில்லை. காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் மூன்று மாதக் கடுங்காவல் பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்கு வந்தாள். காய்ச்சலோடு வெளியே வந்தவள் 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்துபோனாள். வயது 16. காந்தியின் மனைவி கஸ்தூர்பாவும் 1913இல் இதே ஊர்ச் சிறையில்தான் இருந்தார். ரயில் நிலையத்துக்கு வரும் பேருந்துகளில் எத்தனை இந்தப் பக்கம் வருகின்றன என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அங்கிருந்து வடக்கே நீண்ட பயணம். காய்ந்த புல்வெளி, தட்டை உச்சி மலைகள். ஸ்பியோன் கோப் குன்றுக்கான வழிகாட்டிப் பலகை வந்தது. 1900 ஜனவரியில் ஆங்கிலேயரும் டச்சு வம்சாவளிப் போயர்களும் மோதிய களம். காயம்பட்ட ஆங்கிலச் சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்தியர்களும் இருந்தார்கள். காரை நிறுத்தவில்லை.

லேடிஸ்மித் தாண்டிய பிறகு பெரியவர் தன் போனைக் கொடுத்து ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னார். கப்பல் பதிவேட்டின் ஒரு பக்கம். ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பதிவேடு. அவருடைய கொள்ளுத்தாத்தா வட ஆற்காடு ஜில்லாக்காரர். கிராமத்தின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் உருத்தெரியாமல் சிதைந்திருந்தது. "நீதான் எழுத்துப் பார்க்குற ஆளாச்சே, என்ன ஊருன்னு சொல்லு" என்றார். நியூகாசில் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஊர்ப் பெயர்கள் பொருந்தி வந்தன. இரண்டையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, தாளை வாங்கி, வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். அந்தக் கொள்ளுத்தாத்தா நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1913 போராட்டத்தில் காந்தியோடு எல்லை தாண்ட நடந்தவர்களில் அவரும் உண்டா என்பது குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

நியூகாசிலில் அவர் உறவினர்கள் வீட்டில் இரவு தங்கல். சாப்பாடு முடிந்ததும் பக்கத்துக் கோயில் கூடத்துக்கு என்னை அழைத்துப் போய், முன்னறிவிப்பில்லாமல், "இந்தியாவிலிருந்து வந்திருக்கிற தம்பி காந்தியைப் பத்திப் பேசுவார்" என்று சொல்லிவிட்டார். கையில் தாள் இல்லை. நாற்காலிகளில் பெரும்பாலும் வயதானவர்கள், பின்னால் போனைப் பார்த்துக்கொண்டு சில பையன்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வேறெதுவும் நினைவுக்கு வராததால் ஓவர்கோட்டைப் பற்றிச் சொன்னேன், பாதி ஆங்கிலத்தில், பாதி தமிழில். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. பேசி முடித்ததும் முன் வரிசையிலிருந்த பாட்டி ஒருவர் கேட்டார்: "கோட்டு கடைசியிலே கிடைச்சுதா?" எப்போது கிடைத்தது என்று அவர் எழுதவில்லை ஆயா, ஆனால் மறுநாள் ராத்திரி படுக்கைச் சீட்டு வாங்கினார் என்றேன். "அப்பச் சரி" என்றார் பாட்டி. பையன்களில் ஒருவன் போனிலிருந்து தலை தூக்கியிருந்தான். என் வாழ்நாளில் நான் பேசிய நல்ல பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

நியூகாசிலைத் தாண்டினால் மஜூபா மலை. 1881இல் போயர்கள் ஆங்கிலேயரைத் தோற்கடித்த இடம். அதன் பக்கத்தில், அன்றைய நெட்டால் காலனி எல்லையின் கடைசியில், சார்ல்ஸ்டவுன். 1893இல் ரயில் இதுவரைதான் வந்தது. இதற்கு மேல் ஜோகன்னஸ்பர்க்குக்குக் குதிரை வண்டி. வண்டிக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் இவரை மற்றப் பயணிகளோடு உள்ளே உட்காரவிடாமல் வண்டிக்காரன் பக்கத்தில் வெளியே உட்காரவைத்தார். அநியாயம் என்று தெரிந்தும் காந்தி உட்கார்ந்தார். தகராறு செய்தால் இந்த வண்டியும் போய்விடும் என்ற கணக்கு. பர்டேகோப் வந்ததும் அந்த ஆளுக்குச் சுருட்டுப் பிடிக்க இவருடைய இடம் தேவைப்பட்டது. ஓர் அழுக்குச் சாக்கைக் கால்வைக்கும் பலகையில் விரித்து அதில் உட்காரச் சொன்னார். அங்கேதான் காந்தி முடியாது என்றார், நடுங்கிக்கொண்டே. அடி விழுந்தது. வண்டியின் பித்தளைக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. மணிக்கட்டே போனாலும் விடுவதில்லை என்றிருந்தார். உள்ளே இருந்த பயணிகள் சத்தம் போட்டு அடியை நிறுத்தினார்கள். அன்று இரவு ஸ்டாண்டர்டனில் இந்திய வியாபாரிகள் வீட்டில் தங்கி, வண்டிக் கம்பெனி ஏஜென்டுக்கு நடந்ததை எல்லாம் எழுதினார். மறுநாள் உள்ளே இடம் தரப்படும் என்று பதில் வந்தது; தரப்பட்டது.

கவனித்துப் பார்த்தால் ஒரு வழக்கம் தெரியும். மாரிட்ஸ்பர்க்கில் தந்தி. ஸ்டாண்டர்டனில் கடிதம். ஜோகன்னஸ்பர்க்கில் முதல் வகுப்புச் சீட்டு தரமாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னபோது ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு குறிப்பு. குறிப்பில் தான் ஒரு பாரிஸ்டர் என்று எழுதி, பதிலை நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகவும் சேர்த்திருக்கிறார். எழுத்தில் ‘இல்லை’ என்று சொல்வது சுலபம், எதிரே கோட்டும் டையுமாக நிற்கிறவனிடம் சொல்வது கஷ்டம் என்ற யுக்தி. கூச்சக்காரனுக்கு முதலில் வசப்படுவது பேனா. வாய் பிறகுதான் வரும். லண்டனில் தாளை இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்ன மனிதர் இங்கே தாளை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே தானும் போனார்.

சார்ல்ஸ்டவுனில் இன்று பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் இருபது வருஷம் கழித்து, 1913 நவம்பர் 6ஆம் தேதி காலை, அவர் இதே ஊரிலிருந்து 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோடு நடந்தார். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு மூன்று பவுண்டு வரி கட்டவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, அனுமதியில்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டுவதற்காக. அவர்களில் பலர் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்கள், தமிழர்கள். அவர்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் தம்பி நாயுடு. நடக்கிறவர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. ஸ்டாண்டர்டனில் உள்ளூர்க் கடைக்காரர்கள் ஆரஞ்சு ஜாம் டின்கள் கொடுத்தார்கள். காந்தி நின்று பங்கிட்டுக்கொண்டிருக்கும்போது மாஜிஸ்டிரேட்டே வந்து, பங்கிட்டு முடியும்வரை பக்கத்தில் காத்திருந்து, கைது செய்தார். என்னைப் பிடிக்க மாஜிஸ்டிரேட்டே வருகிறாரே, எனக்குப் பதவி உயர்வுதான் என்ற பொருளில் காந்தி வேடிக்கையாகச் சொன்னாராம். லண்டன் விருந்தில் வராத நகைச்சுவை கைதாகும் நேரத்தில் தானாக வந்திருக்கிறது. அன்று அடி வாங்கி வந்து சேர்ந்த அதே ஸ்டாண்டர்டன். பெட்ரோல் போட மட்டும் நாங்கள் அங்கே நின்றோம்.

ஜோகன்னஸ்பர்க்கில் பிராம்ஃபாண்டைன் கல்லறைத் தோட்டத்தில் வள்ளியம்மையும், சிறைக் கொடுமையால் 1909இல் இறந்த இளைஞன் நாகப்பனும் இருக்கிறார்கள். 1914 ஜூலையில், தென்னாப்பிரிக்காவை விட்டு நிரந்தரமாகக் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால், காந்தி வந்து அவர்களுடைய நினைவுக் கற்களைத் திறந்துவைத்தார். நகரின் நடுவே காந்தி சதுக்கத்தில் வக்கீல் அங்கியோடு அவர் சிலை; 2015இல் அதன்மேல் வெள்ளைச் சாயம் ஊற்றினார்கள். ஆப்பிரிக்கர்களைப் பற்றி இளம் காந்தி எழுதியவற்றில் இழிவான வரிகள் இருப்பது உண்மை, அதற்காகக் கோபப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய தைரியம் முதலில் தனக்காக வந்தது, பிறகு தன் கூட்டத்துக்காக. அடுத்தவர் கூட்டம்வரை போக அதற்கு இன்னும் காலம் பிடித்தது. இதைச் சொன்னபோது பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டோரியா வரும்வரை வாதாடினோம். நான் வாதாடினேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

பிரிட்டோரியாவில் இன்று நிற்கும் ரயில் நிலையம் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1910இல் முடிந்த கட்டடம். காந்தி இறங்கியது அதற்கு முந்தியதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு இறங்கினார். யாரும் வரவில்லை. ஓர் அமெரிக்கக் கறுப்பர்தான் பேச்சுக் கொடுத்து, ஜான்ஸ்டன் என்பவரின் ஹோட்டலுக்கு அழைத்துப்போய்ச் சேர்த்தார். மாரிட்ஸ்பர்க்கில் பேச வந்த பயணியிடம் வாய் திறக்காதவர் இவரோடு பேசிக்கொண்டே போயிருக்கிறார்.

முக்கியமான சங்கதி அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஊர் இந்தியர்களைச் சேட் ஹாஜி முகமது ஹாஜி ஜூசப் என்ற வியாபாரியின் வீட்டில் கூட்டி, அவர்கள்முன் எழுந்து பேசினார். அதுதான் தன் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்று அவரே எழுதியிருக்கிறார். நிறவெறியைக் கண்டித்து முழங்கவில்லை. வியாபாரத்தில் உண்மையாக இருங்கள், சுத்தமாக இருங்கள், சாதி மத வேறுபாட்டை மறந்து ஒரு சங்கம் வையுங்கள் என்றார். ஆங்கிலம் கற்க விரும்புகிறவர்களுக்குச் சும்மாவே சொல்லித் தருகிறேன் என்றார். மூன்று பேர் வந்தார்கள்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறு கடைக்காரர். அவர்களுக்கு வசதிப்பட்ட நேரத்தில் அவர்கள் இடத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அந்த வீட்டைக் குறிக்கும் பலகை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கடை வாசலில் நின்றவர்கள், போலீஸ்காரர், பழம் விற்ற பெண் எல்லோரிடமும் நானே போய்க் கேட்டேன். பெரியவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குக் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்கா போகிற தமிழர்கள் எல்லோரும் மாரிட்ஸ்பர்க் பலகை முன்னால் படம் எடுத்துக்கொண்டு டர்பனுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்கி, ஜூன் மாதத்தில், சார்ல்ஸ்டவுன், ஸ்டாண்டர்டன் வழியாகப் பிரிட்டோரியா வரை போங்கள். அவர் தள்ளப்பட்ட இடம் மாரிட்ஸ்பர்க். வாய் திறந்த இடம் பிரிட்டோரியா.